வெட்டுவால் மடவைகள்

இருபத்திரண்டு நாளாக என் தம்பியின் தூண்டிலில் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் கடல் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுக்கலாம். இருபத்திரண்டு நாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். காரணம் இருக்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க எனக்குத் தெரியாது. படகுத்துறையில் எனக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், தலை மறைந்ததும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரிய மீன் பிடிப்பது அவன் வேலை. அதற்கு இரையாகச் சின்ன மீன் பிடிப்பது என் வேலை. எங்கள் தண்ணீரில் கொடுவாதான் பெரிய மீன். அதற்கு நாக்கு நீளம். செத்த இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விரல் நீள மடவைக் குஞ்சு, அதுவும் உயிரோடு, துள்ளத் துடிக்க வேண்டும். விடிந்ததும் படகுத்துறைக் கல்சுவர் ஓரம் முழங்கால் தண்ணீரில் வீச்சு வலையோடு நிற்பேன். மடவை எடுத்த எடுப்பில் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரின் மேல்தோல் ஓரிடத்தில் மட்டும் லேசாக நடுங்கும். அதுதான் மடவைக் கூட்டம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் முந்திக்கொண்டு போய் அதுகளுக்குத் தகவல் சொல்லிவிடும். அதனால் கண் கூசினாலும் சூரியனைப் பார்த்தபடிதான் வலையை எறிய வேண்டும். வலை வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே சத்தமாக விழுந்தால் முப்பது நாற்பது குஞ்சு மாட்டும். தனித்தனிச் சத்தமாக விழுந்தால் பாசிதான் மாட்டும். மாட்டியதைக் கையால் தொடக் கூடாது. செதில் ஒன்று உதிர்ந்தாலும் மறுநாள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். வலையோடு வாளித் தண்ணீரில் முக்கி, அதுகளாக நீந்தி வெளியே வர விட வேண்டும்.

இதையெல்லாம் தினமும் செய்ய என் தோள்பட்டை ஒத்துழைக்காமல் போனதால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரோ வீட்டை இடித்தபோது தூக்கிப் போட்ட குளியல் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பின்கட்டில் வைத்து, காற்றுப் பம்பு போட்டு, கடல் தண்ணீர் நிரப்பினேன். வாரம் இரண்டு நாள் வலை எறிந்தால் போதும். மீதி நாளெல்லாம் தொட்டியிலிருந்தே இரை எடுத்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் காய்ந்த இறாலைப் பொடித்துப் போடுவேன். போடும் முன் வளைந்த காம்பு உள்ள பழைய ஸ்பூனால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவேன். நாலே நாளில் தட்டின சத்தம் கேட்டதும் அத்தனையும் என் பக்கம் ஓடி வந்துவிட்டன. அதைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இன்னொரு தரம் தட்டு, இன்னொரு தரம் தட்டு என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அந்த ஸ்பூன் காணாமல் போனது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மரக்கரண்டியால் தட்டினேன். ஒன்றுகூட வரவில்லை. புதுச் சத்தத்துக்கு அதுகள் பழகப் பிறகு மூன்று நாள் ஆனது. மீனுக்குக் காது எங்கே இருக்கிறது என்று அன்று முழுவதும் வந்தவர் போனவரையெல்லாம் கேட்டேன்.

இது நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் அவன் தினமும் வெறுங்கையோடு வந்தான். கொண்டுபோன மடவைகளையும் பெரும்பாலும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து தொட்டியில் விட்டான். "ஒண்ணும் கடிக்கலக்கா" என்பான். முகம் கழுவுவான். சாப்பிடுவான். போன சனிக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, படகை இன்ஜின் மெக்கானிக்கிட்ட வித்துடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னாரு."

"வித்துட்டு?"

"வெளித்துறையில ஒரு வெள்ளைக் கப்பல் நிக்குதுல்ல, அதுல வேலை இருக்கு. போனா எட்டு மாசம் கழிச்சுத்தான் கரை. இங்க மீன் கடிக்கல. என் கைராசி போயிடுச்சு. என்ன பண்றது?"

எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்போதிலிருந்து ஒரு நாள்கூட நான் அவனில்லாத வீட்டில் தூங்கியதில்லை. அவன் போகக் கூடாது. நான் நினைத்தது அவ்வளவுதான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. மீன் கடிக்காததால்தானே போகிறான்? ஏன் கடிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் போக மாட்டான். வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் என் தொட்டி மீன் மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட மடவையில் ஏதோ வாடை வந்து, கொடுவா ஒதுக்குகிறதோ? ஞாயிற்றுக்கிழமை, துறையில் ஐஸ் உடைக்கிறவர் கல்சுவர் மேலிருந்து தூண்டில் போடும் நேரம் பார்த்து ஒரு டப்பாவில் என் மடவை நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதியத்துக்குள் என் வாசலுக்கே வந்துவிட்டார். வெயிலில் முகம் பழுத்திருந்தது.

"உன் மீனுக்கு என்ன குறைச்சல்? போட்ட பத்தாவது நிமிஷம் இழுத்துச்சு. முழங்கை நீளத்துக்குக் கொடுவா. எனக்குத் தோளே கழண்டுடுச்சு."

"அப்போ என் தம்பிக்கு மட்டும் ஏன் கடிக்கல?"

"அதை உன் தம்பிகிட்ட கேளேன்மா."

நல்ல யோசனைதான். நான் நேரே உள்ளே போய்த் தம்பியின் வாசனை சோப்பை எடுத்துக் குப்பையில் போட்டேன். கை வாசனை இரையில் ஒட்டும், இரையின் வாசனை மீனுக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது. அவன் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வெளியே வந்து, "சோப்பு என்னக்கா தப்பு பண்ணுச்சு?" என்றான். அடுத்து அவன் தூண்டில் முள்ளை எல்லாம் எடுத்து நகத்தில் உரசிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஊசி போல இருந்தது. எதிலும் துருவில்லை, உப்புப் படியவில்லை. கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அடுத்த சந்தேகத்துக்குத் தாவிவிட்டேன்.

அடுத்த சந்தேகம் வால். தொட்டியில் சில மடவைகளுக்கு வால் துடுப்பில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. சிலதுக்கு வாலின் மேல்முனையில், சிலதுக்குக் கீழ்முனையில். ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன என்று நினைத்து, வெட்டுப்பட்டதை எல்லாம் வேறு வாளியில் பிரித்து வைத்துக் காவல் இருந்தேன். ஒன்று இன்னொன்றைத் தொடக்கூட இல்லை. கடித்தால் கந்தலாக அல்லவா கிழியும்? இது கத்தரித்தது போல் நேராக இருந்தது. நண்டு என்றால் தொட்டியில் நண்டு இல்லை. திங்கள்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு நானும் படகுல வர்றேன்."

அவன் கை தட்டிலேயே நின்றது. "நீயா? படகுல ஏறினாலே உனக்குக் குடல் வாய்க்கு வந்துடுமே."

"வந்தா வரட்டும், திரும்ப முழுங்கிக்கறேன். நீ எங்க போடற, எப்படிப் போடறன்னு நான் பாக்கணும்."

"வேண்டாங்கா. அலை அதிகமா இருக்கு."

"அலை எங்கடா இருக்கு? கோலம் போட்டா அழியாத மாதிரி கிடக்கு கடல்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். எங்கள் படகு சின்னது. இரண்டு குறுக்குப் பலகை, பின்னால் இன்ஜின், நடுவில் இரை வாளி. வெட்டுவால் பதினெட்டையும் மற்ற சிலதோடு சேர்த்து அவன் வாளியில் எடுத்துப் போட்டிருந்தான். நான் ஏன் என்று கேட்டதற்கு, முதலில் அதுகளைத் தீர்த்துவிடலாம் என்றான். படகுத்துறையைத் தாண்டியதும் அவன் சுக்கானை இடது பக்கம், உள்வாங்கிய குடாவுக்குத் திருப்பப் போனான். பிறகு என்னைப் பார்த்துவிட்டு வலது பக்கம் பாறைகளை நோக்கித் திருப்பினான்.

"அங்க ஏன் திருப்பப் போன? அந்தக் குடாவுல கொடுவா ஏது?"

"சும்மா, பழக்கத்துல."

பழக்கம் என்றால் தினமும் போகிற இடம். கொடுவா இல்லாத இடத்துக்குத் தினமும் போகிறவனை என்ன செய்வது? கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது, வாயை மூடிக்கொண்டேன்.

பாறை ஓரத்தில் இன்ஜினை அணைத்தான். வாளியில் கையை விட்டு, வாலில் வெட்டு இல்லாத மீனைத் தேடுகிறவன் போல் கொஞ்ச நேரம் துழாவினான். பிறகு ஒன்றை எடுத்து, முதுகுத் துடுப்புக்கு முன்னால் தோலோடு மட்டும் முள்ளைக் கோத்துத் தண்ணீரில் விட்டான். கை ஒரு சுணக்கமும் இல்லாமல் வேலை செய்தது. கைராசி போனவன் கை இப்படி இருக்காது. எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கயிறு அவன் விரலிடுக்கில் சீறிக்கொண்டு ஓடியது. அவன் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, படகை இரண்டு சுற்றுச் சுற்ற வைத்து, கடைசியில் கொக்கியால் தூக்கி உள்ளே போட்டான். என் கையைவிட நீளமான கொடுவா. பலகையில் வாலை அடித்துக்கொண்டு கிடந்தது.

நான் குடலை எல்லாம் மறந்து எழுந்து நின்று கத்தினேன். "பாத்தியா! போச்சுன்னியே கைராசி! மெக்கானிக்கை வேற படகு பாத்துக்கச் சொல்லு!"

அவன் சிரிக்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு நாள் கழித்து மீன் பிடித்தவன் முகம் அப்படி இருக்குமா? திருட்டுப் போன பொருள் தன் சட்டைப்பையிலிருந்தே வெளியே வந்து விழுந்தவன் போல இருந்தான்.

படகில் சிதறிய ரத்தத்தைத் துடைக்கத் துணி தேடினேன். முன்பலகைக்கு அடியில் ஒரு பை இருந்தது. அவன் "அக்கா, அதுல இல்ல" என்றான். கொஞ்சம் பிந்திவிட்டான். கையை விட்டேன். முடிச்சு முடிச்சாகப் போட்ட நீளக் கயிறு ஒன்று, நகம் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று, அப்புறம் என் ஸ்பூன். வளைந்த காம்பு. என் வீட்டு ஸ்பூனை நான் நூறு ஸ்பூனுக்கு நடுவில் கண்டுபிடிப்பேன். பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து. மூன்று, வந்தது. ஐந்து, வந்தது. எட்டு, இரண்டு மட்டும் வந்தது. பன்னிரண்டு, காத்து அடிச்சது, வரல. பன்னிரண்டு, வந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"என்னடா இது?"

அவன் தூண்டில் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"இந்த இருபத்திரண்டு நாளும் என்னடா பண்ணிட்டிருந்த?"

"தூண்டிலே போடலக்கா" என்றான். சத்தமே எழவில்லை.

பிறகு சொன்னான். முதல் நாள் தற்செயலாகத்தான் நடந்ததாம். முள்ளில் கோக்கும்போது ஒரு மடவை நழுவிக் கடலில் விழுந்துவிட்டது. போனால் போகட்டும் என்று அவன் ஒரு நட்டு கழன்றதைச் சரி செய்யப் படகின் பக்கத்தில் ஸ்பேனரால் தட்டியிருக்கிறான். எட்டிப் பார்த்தால் அந்த மடவை படகோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கிறது. அது எங்கள் வீட்டு மடவைதானா, கடல் மடவையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாலில் வெட்டு. ஸ்பேனருக்கு ஒன்றிரண்டுதான் வந்தன, அதனால் ஸ்பூன். கொடுவா வந்து தின்றுவிடக் கூடாது என்றுதான் கொடுவா இல்லாத குடா. எவ்வளவு தூரம் கேட்கும்? அதற்குத்தான் முடிச்சுக் கயிறு, இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு மிதவையைக் கட்டி அதன் பக்கத்தில் மீனை விட்டுவிட்டுக் கயிற்றின் மறுமுனை வரை துடுப்புப் போட்டுப் போய், அங்கிருந்து தட்டியிருக்கிறான். வந்ததுகளுக்கு இறால் பொடி போட்டுக் கைவலையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இதை நான் ஏன் முதலில் செய்து பார்க்கவில்லை என்று பொறாமை.

"அந்த வெள்ளைக் கப்பல்..." என்றேன்.

"அது மீன் ஏத்தற கப்பல் இல்லக்கா. மீனைப் பத்தி ஆராயிறவங்க கப்பல். ஆழத்துல எந்த மீன் எந்தச் சத்தத்துக்கு என்ன செய்யுதுன்னு பாக்கறாங்களாம். உயிரோட பிடிக்கற மீனைத் தொட்டியில சாகாம பாத்துக்க ஒரு ஆள் வேணுமாம். அவங்க துறைக்குத் தண்ணி ஏத்த வந்தப்போ நம்ம தொட்டியைப் பத்திச் சொன்னேன். அவங்க என்னென்னமோ கேட்டாங்க. எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரிஞ்சுது."

"தெரியாம என்ன? என் தொட்டிதானே."

"ஆமா. உன் தொட்டிதான்."

"அப்போ போகணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லவேண்டியதுதானேடா. மீன் கடிக்கலன்னு எதுக்குப் பொய்?"

அவன் கொடுவா மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினான். "ஆசைன்னு சொன்னா நீ ஏன்னு கேப்ப. அப்புறம் உன் முகத்தைப் பாத்துட்டு நான் போக மாட்டேன். மீன் கடிக்கலன்னு சொன்னா நீ மீனைத்தான் கேப்ப, என்னைக் கேக்க மாட்ட."

அது உண்மை. ஐஸ் உடைக்கிறவரைக் கேட்டேன், முள்ளைக் கேட்டேன், சோப்பைக் கேட்டேன், வாளிக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்து மடவையைக் கேட்டேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பார்த்து, உனக்குப் போகணுமாடா என்று நான் ஒரு தரமும் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

"இப்பவும் நீ போகாதேன்னா போகலக்கா" என்றான். "கொடுவா கடிச்சுடுச்சு. மெக்கானிக்கிட்ட நானே சொல்லிடறேன். சத்தியமா."

சொன்னால் செய்வான். எனக்கு அவனைத் தெரியும். ஒரு வார்த்தை போதும், அவன் நாளைக்கும் இதே பலகையில் உட்கார்ந்திருப்பான். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. காலியாகப் போகிற வீடும், காலை எழுந்து ஒருவருக்கு மட்டும் காபி போடுவதும், மழை நாளில் காற்றுப் பம்பு நின்றால் கூப்பிட ஆள் இல்லாததும் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. படகு வேறு ஆடிக்கொண்டிருந்தது.

கையில் இருந்த பலகையைத் திரும்பவும் பார்த்தேன். அவன் கையெழுத்து சின்ன வயதில் நான் பிடித்து எழுத வைத்தது. இன்னும் அப்படியே கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இருபது, வந்தது. இருபத்தாறு, ஒன்று மட்டும் வந்தது, ரொம்ப நேரம் கழித்து. அதற்கு அடுத்த வரிகள் தண்ணீர் பட்டு அழிந்திருந்தன.

"இதுல அழிஞ்சிருக்கே" என்றேன். "அதிகபட்சம் எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துச்சு?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தேழு பாகம். கயிறு அவ்வளவுதான் இருந்துச்சு."

"கயிறு பத்தலன்னா நிறுத்திடறதா? வீட்ல பழைய வலைக்கயிறு அவ்வளவு கிடக்கே, எடுத்துக் கட்டவேண்டியதுதானே. ஐம்பது போட்டுப் பாத்திருக்கலாம்."

"பாக்கலாமா?"

"நாளைக்குப் பாக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குல்ல" என்றேன்.

அவன் கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அதோடு என் குடல் பொறுமை இழந்துவிட்டது. அவசரமாகப் படகின் ஓரத்துக்குக் குனிந்து காலையில் சாப்பிட்டதை எல்லாம் கடலுக்குக் கொடுத்தேன். அவன் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு, ஸ்பூனைத் திரும்ப அந்தப் பையில் போட்டு அவன் பக்கம் தள்ளினேன்.